மறு: ‘பெருந்தமனிக் கிழிசல்’ போதுமா?

> அயோர்ட்டிக் டிசெக்‌ஷனுக்கு ‘அறுப்பு’ என்றால் கத்திதான் நினைவுக்கு வருகிறது. ‘பெருந்தமனிக் கிழிசல்’ எனலாமே?

வணக்கம். நம் கலைச்சொல் பதிவில் ‘அறுப்பு’ வேண்டாம் என்பது சரி. ஆனால் ‘கிழிசல்’ நோயின் தொடக்கத்தை மட்டுமே சொல்கிறது. இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முதன்மைக் குழாயான பெருந்தமனியின் சுவர் மூன்றடுக்கு. உள்ளடுக்கு கிழிந்ததும் இரத்தம் நடுவடுக்கில் புகுந்து, வாழைமட்டையில் நார் உரிவதுபோல நீளவாக்கில் பிரித்துக்கொண்டே போகும். கிழிசல் சிறியதாக இருக்கும். உரிவு நெஞ்சிலிருந்து இடுப்புவரைகூட ஓடிவிடலாம்.

இதயத் தமனியில் தானாக நேரும் டிசெக்‌ஷனுக்கு, அதாவது ஸ்காடுக்கு (SCAD), ‘கிழிசல்’ இன்னும் ஒட்டாது. பலருக்கு உள்ளடுக்கு கிழிவதே இல்லை. சுவருக்குள் இரத்தம் கட்டிக் குழலை நசுக்குகிறது. ஆஞ்சியோவில் நீண்ட, வழவழப்பான சுருக்கம்தான் தெரியும். இரண்டுக்கும் பொருந்துவது ‘சுவருரிவு’. பெருந்தமனிச் சுவருரிவு, இதயத்தமனிச் சுவருரிவு. இரத்தம் ஓடிய பழைய வழி மெய்க்குழல், சுவருக்குள் உண்டான புதிய வழி பொய்க்குழல், நடுவே ஆடும் உரிந்த படலம் மடல்.

> பதிவில் சிகிச்சைக் குறிப்பும் தேவையா?

கட்டாயம் தேவை. ஏறு பெருந்தமனி (இதயத்திலிருந்து மேலேறும் பகுதி) உரிந்து வலது இதயத் தமனியின் வாயை அடைத்தால், இசிஜி சாதாரண மாரடைப்பு போலவே இருக்கும். அதை நம்பி இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. திடீரென்று உச்சத்தில் தொடங்கும் வலி, இரு கைகளின் இரத்த அழுத்தத்தில் 20-க்கு மேல் வேறுபாடு: இவை இருந்தால் முதலில் சிடி ஆஞ்சியோ. நாடித்துடிப்பை 60-க்குக் கீழும், மேல் அழுத்தத்தை 100–120-லும் நிறுத்த வேண்டும். இங்கே வரிசை முக்கியம்: முதலில் துடிப்பைக் குறைக்கும் எஸ்மோலால் போன்ற பீட்டா தடுப்பான், பிறகே நாளத்தை விரிக்கும் மருந்து. மாற்றிக் கொடுத்தால் துடிப்பு எகிறி உரிவு நீளும். ஏறு பகுதி உரிந்திருந்தால் உடனே அறுவை. இறங்கு பகுதி மட்டும் என்றால், சிக்கல் இல்லாதவரை மருந்தே போதும்.

ஸ்காடில் நடைமுறை வேறு. நோயாளிகள் பெரும்பாலும் பெண்கள்; அவர்களில் சிலர் மகப்பேற்றை ஒட்டியவர்கள். இரத்த ஓட்டம் இருந்து நோயாளி நிலையாக இருந்தால் ஸ்டென்ட் வைக்காமல் விடுவதே நல்லது. ஸ்டென்ட் செல்ல வழிகாட்டும் கம்பி பொய்க்குழலில் நுழையலாம், பலூன் விரியும்போது சுவரிலுள்ள இரத்தம் பிதுங்கி உரிவை நீட்டலாம். பலருக்குச் சில மாதங்களில் சுவர் தானே ஒட்டிவிடும். ‘அடைப்பு’ என்று எழுதிக்கொடுத்தால், ஏன் ஸ்டென்ட் வைக்கவில்லை என்று குடும்பத்தார் கேட்பார்கள். ‘சுவருரிவு’ என்றால் விளக்குவது எளிது.

பெருந்தமனியில் மடல் இல்லாமல் சுவருக்குள் இரத்தம் மட்டும் கட்டுவதற்குச் ‘சுவரகக் குருதிக்கட்டு’ என்று தனிப் பதிவு போடலாம்.