புதுப்பிப்பு: கோத்தகிரி வீட்டு முன்னறைக்கு எந்த ஸ்டைல்?

எங்கள் ஓட்டு வீட்டு முன்னறை இருட்டாகவும் ஈரமாகவும் இருக்கிறது, எந்த ஸ்டைலில் மாற்றலாம் என்று கேட்டிருந்தேன். செட்டிநாடு, ஆங்கிலேயர் பங்களா, ஸ்காண்டிநேவியன் என்று யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ஸ்காண்டிநேவியன்தான். ஸ்வீடன், நார்வே மாதிரி, குளிர்காலத்தில் வெளிச்சமே குறைந்துபோகும் நாடுகளின் பாணி அது. வெள்ளைச் சுவர், வெளிர் மரம், மெல்லிய திரை என்று கிடைக்கிற வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பும். மூடுபனி நாளில் நமக்கும் அதுதானே வேண்டும்! செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் மேல் எனக்கு ஆசைதான். ஆனால் வெயில் ஊரில் குளுமை தருகிற தரை இங்கே காலில் ஜில்லென்று ஏறும் என்று ஒரு அண்ணன் எழுதியது நியாயம், விட்டுவிட்டேன்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஈரமாக இருக்கும்போது திட்டுத் திட்டாக, மங்கலாகத் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். பயந்து மேலே மேலே அடிக்காதீர்கள். பனி நாளில் காய நேரமெடுக்கும்.

நான் எதிர்பாராதது, நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரி. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, முன்கூட்டி வரைந்துகொள்ளாமல் இழை எண்ணியே தைப்பார்கள்; 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த கைவேலை. ஒரு சால்வையைச் சோபா முதுகில் விரித்தோம். அதுவரை வெறிச்சென்று இருந்த அறைக்கு நீலகிரிக் களை வந்துவிட்டது.

அப்புறம், சணல் விரிப்பு மட்டும் இங்கே வேண்டாம். மழையில் பூஞ்சை பிடித்தது. இப்போது பருத்தி ஜமக்காளம், துவைத்து அடுப்படியில் காயப்போட முடிகிறது.