ஓட்டுக்கூரையும் கான்கிரீட் தளமும்: உங்கள் வீட்டு வெக்கை எப்படி?

சோழவந்தான் பக்கத்திலிருந்து:

எங்கள் வீட்டின் முன்பக்கம் கான்கிரீட் தளம். பின்கட்டு தாத்தா காலத்து நாட்டு ஓடு. சித்திரையில் அப்பா சாப்பிட்ட கையோடு பாயைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். எங்கள் மதுரைப் பக்கம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் நடுவில் உச்சிப்பொழுதுக்குச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். தட்டையான தளம் அந்த வெயிலை நேராக வாங்குகிறது. இருபக்கமும் சரிந்த ஓட்டில் அதே வெயில் கூடுதல் பரப்பில் சாய்ந்து விழுகிறது. சூடேறிய காற்றும் முகட்டுக்கு ஏறி, ஓட்டு இடுக்கு வழியே வெளியேறிவிடும். ராத்திரிதான் பெரிய வித்தியாசம். ஓடு பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். தளமோ பகலில் குடித்த சூட்டை நடுச்சாமம் வரை கீழே இறக்கும். ஃபேன் போட்டால் அனல்தான் வரும்.

உசிலம்பட்டியிலிருந்து:

சரிவு இருந்தால் போதும் என்று நம்பி நான் ஏமாந்தேன் அண்ணே. மாடியில் தகரக் கொட்டகை போட்டோம், ஒரே சரிவு, அதுவும் மேற்கே பார்த்து. சாயங்காலம் 4 மணி வெயில் அதன் மேல் நேருக்கு நேராக விழும். அம்மாவால் அங்கே உட்காரவே முடியவில்லை. அப்புறம் தகரத்துக்கு மேல் ஒரு முழம் இடைவெளி விட்டுக் கீற்று வேய்ந்தோம், இப்போது பரவாயில்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் முகட்டைக் கிழமேலாக ஓட விடுங்கள். சரிவுகள் வடக்கும் தெற்கும் பார்த்தால் மாலை வெயில் முகத்தில் அறையாது.

விளக்குத்தூண் பக்கம் கடை வைத்திருப்பவர்:

மத்தியானம் 2 மணிக்குத் திருமலை நாயக்கர் மகாலுக்குள் ஒருமுறை போய் நின்று பாருங்கள். 1636-ல் கட்டியது. அதிலுள்ள சொர்க்க விலாசம் என்ற மண்டபத்தின் குவிமாடத்தில் வெயில் ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கத்தில் அவ்வளவாக விழாது. சூடான காற்று தலைக்கு வெகு உயரத்தில் தங்கிவிடும். சுவரின் கனமும் சேர்ந்துதான் அந்தக் குளிர்ச்சி, வடிவம் மட்டும் காரணமில்லை.

சோழவந்தான்:

நன்றி. எங்கள் முன்பக்கத் தளத்தை இடிக்க வழியில்லை. இந்த வாரம் வெள்ளைச் சுண்ணாம்பாவது இரண்டு கை அடித்துவிடுகிறேன். உசிலம்பட்டித் தம்பி, கீற்றை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?