மருந்து தெளிக்கும் விமானம் மேலெழும்போது விழுந்தால் பொறுப்பு யாருடையது?

தெலுக் இந்தான் தோட்டப்பிள்ளை:
மலேசியாவின் தெலுக் இந்தானில் பைப்புழு செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓலையை அரித்துத் தின்ற காலத்தில், விமானம் மருந்து தெளிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மேலெழும்போது நடக்கும் விபத்துக்கு விமானியே பொறுப்பு என்பது என் கருத்து. ஏர் டிராக்டர் 502பி விமானத்தின் மருந்துத் தொட்டி சுமார் 1,890 லிட்டர் கொள்ளும். விமானம் எழவில்லை என்று தெரிந்ததும் நெம்புகோலை இழுத்தால், அந்தச் சுமை முழுவதையும் சில நொடிகளில் கொட்டிவிடலாம். அந்த வசதி இருந்தும் இழுக்கத் தாமதித்தால் அது அவர் தவறுதானே?

பழைய மண்டோர் (கங்காணி):
தம்பி, அந்தச் சில நொடிகளுக்கு முன்பே பல காரியங்கள் முடிவாகிவிடுகின்றன. தோட்டத்து ஓடுதளத்தில் மருந்து கலந்து ஏற்றும் வேலையை நான் நான்கு ஆண்டுகள் செய்தேன். இரவு மழை பெய்திருந்தால், காலையில் புல்தரையில் பதிந்த சக்கரத் தடத்தில் விரலை விட்டால் இரண்டு கணு இறங்கும். எடை 10 விழுக்காடு கூடினால் ஓட வேண்டிய தூரம் 20 விழுக்காடு கூடும் என்றும், உலர்ந்த கெட்டித் தளத்தைவிட ஈரப் புல்லில் 30 விழுக்காடு கூடும் என்றும் பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டி சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 500 மீட்டர் போதும் என்ற இடத்தில் 780 மீட்டர் தேவைப்படும். ஓடுதளத்தை நீட்டும் அதிகாரம் விமானிக்கு இல்லை, நிர்வாகத்துக்குத்தான் உண்டு.

தெலுக் இந்தான் தோட்டப்பிள்ளை:
கணக்கை ஏற்கிறேன், ஐயா. ஆனால் ஏறுவதற்கு முன் அதைப் போட்டுப் பார்க்க வேண்டியவர் விமானிதான். வெயில் ஏறினால் காற்று லேசாகி, இறக்கையின் தூக்குவிசையும் இயந்திரத்தின் வலுவும் குறையும் என்பது அவருக்குத் தெரியாததா? காலையில் எழுந்த அதே சுமையோடு நண்பகலிலும் எழ முயல்வது அவருடைய முடிவு.

கிராணி (தோட்ட எழுத்தர்) மகள்:
கொட்டிவிடலாம் என்று எளிதாகச் சொல்கிறீர்கள், அண்ணன். எங்கள் தோட்டத்தில் ஓடுதளத்தின் முனையை ஒட்டியே லயமும் (தொழிலாளர் குடியிருப்பு) கிணறும் இருந்தன. பூச்சிமருந்தை அங்கே கொட்ட எந்த விமானிக்குத்தான் கை வரும்? அந்தத் தயக்கத்திலேயே இரண்டு நொடி போய்விடாதா?

பழைய மண்டோர்:
அம்மா கேட்டது சரியான கேள்வி. ஒருநாள் காற்று திரும்பி, விமானத்தின் பின்புறமிருந்து வீசியது. அப்படி வீசினால் எழுவதற்கு இன்னும் நீளமாக ஓட வேண்டும். எதிர்முனையிலிருந்து ஏறலாம் என்றேன். மருந்து லாரியை அவ்வளவு தூரம் கொண்டுபோக மேற்பார்வையாளர் ஒப்பவில்லை. விமானி மறுத்திருக்கலாம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் எத்தனை முறை மறுப்பார்? விமானம் கடைசி வரிசைச் செம்பனையின் ஓலையை உரசிக்கொண்டு போனது. மறுநாள் கலவைத் தொட்டியின் முக்கால் அளவில் நானே சுண்ணாம்பால் கோடு போட்டேன். அதற்கு மேல் கலக்கச் சொன்னவர்களிடம் கையெழுத்துக் கேட்டேன். ஒருவரும் போட முன்வரவில்லை.