மழைநீர் இறங்கும் முற்றத்துக்கு எந்தக் கல் ஏற்றது?

கேள்வி (ராமமூர்த்தி நகர்வாசி):
வணக்கம். பெங்களூருவில் எங்கள் வீட்டின் முன்புறம் ஏறக்குறைய 400 சதுர அடி இடம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. பாதியில் கோட்டா கல்லைப் பதித்துக் காரை நிறுத்தலாம், மீதியில் கொரியன் புல் போடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். மழைநீர் நிலத்தில் இறங்க வேண்டும், சுற்றுச்சூழலுக்கும் கேடு குறைவாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். கோட்டா, சாதரஹள்ளி கிரானைட், இன்டர்லாக் கல் (ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கும் சிமென்ட் கல்) ஆகியவற்றில் எதை எடுப்பது?

மறுமொழி (அல்சூர்க்காரன்):
கல்லைப் பற்றி யோசிக்கும் முன், அதன் அடியில் என்ன போடப் போகிறார் என்று மேஸ்திரியைக் கேளுங்கள். நாங்கள் இன்டர்லாக் கல் வாங்கிக் கொடுத்தோம். மேஸ்திரியோ கல் ஆடக் கூடாதென்று அடியில் காங்கிரீட் போட்டு, இடுக்குகளையும் சிமென்டால் பூசிவிட்டார். அடுத்த மழையில் நீர் கீழே இறங்காமல், கார் எண்ணெயின் வானவில் படலத்தோடு சம்ப் மூடியைச் சுற்றித் தேங்கி நின்றது. எல்லாவற்றையும் பெயர்த்து, கீழே 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி, மேலே 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி) என்று பரப்பி, இடுக்குகளிலும் சிப்ஸையே நிரப்பிய பிறகுதான் நிலைமை சீரானது. இடுக்கில் கல்தூள் வேண்டாம். அது இறுகி நீரை மறிக்கும். 50 மி.மீ. மழை பெய்தால் உங்கள் 400 சதுர அடியில் விழுவது ஏறக்குறைய 1,850 லிட்டர் என்பதால், தரையின் சரிவு வீட்டுச் சுவரை விட்டு விலகியே இருக்கட்டும்.

மறுமொழி (ஜீவன்பீமா நகர் வாசகி):
கோட்டா கல் ராஜஸ்தானிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் மேல் லாரியில் வர வேண்டும். சாதரஹள்ளியோ நம் விமான நிலையத்தின் பக்கம். ஆனாலும் புதிய கல் எதுவாயினும் பாறையை உடைத்தே எடுக்க வேண்டும் என்பதால், பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் கிடைக்கும் சப்படிக் கல்லுக்கே (தட்டையான கருங்கல் பலகை) என் வாக்கு. சொரசொரப்பான அந்தக் கல் மழையில் வழுக்குவதும் குறைவு. இன்டர்லாக் கல்தான் வேண்டுமென்றால், அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்து சிமென்டைக் குறைத்ததா என்று கேட்டு, காருக்கு 60 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எரிபொருளின் புகை போக, அந்தக் கல்லே கரியமில வாயுவை வெளியிடுகிறது.

நிறையத் தண்ணீர் கேட்கும் கொரியன் புல்லை மறந்துவிடுங்கள். 2024 மார்ச் மாதத் தட்டுப்பாட்டின்போது தோட்டத்துக்குக் குடிநீரைப் பாய்ச்சினால் 5,000 ரூபாய் அபராதம் என்று இங்குள்ள குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். நம் ஊரில் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சும் பொடுதலைச் செடியே தரையோடு படர்ந்து, அவ்வப்போது மிதித்தாலும் தாங்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வெறும் ஜல்லியின்மேல் பதித்தால் கார் ஏறும்போது கல் இறங்கிவிடும் என்று மேஸ்திரி அஞ்சுகிறார்.

மறுமொழி (அல்சூர்க்காரன்):
சுற்றிலும் ஓரக் கல்லை மட்டும் காங்கிரீட்டில் பதித்து, ஜல்லியை ஒவ்வொரு அடுக்காக இடித்து இறுக்கச் சொல்லுங்கள். அடுக்குகளை ஒரே நாளில் கொட்டி முடிக்க விடாதீர்கள். எங்கள் வாசலில் அப்படி அவசரமாகக் கொட்டிய ஒரு மூலை மட்டும் இன்றும் அரை அங்குலம் தாழ்ந்தே இருக்கிறது.