நோயுற்றவரிடம் "சந்தோஷமாயிருங்கள்" என்று சொல்வது தகுமா?

மறுபக்கம்:
நோயில் படுத்திருக்கும் கிறிஸ்தவரைப் பார்க்கச் செல்பவர்கள், "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று அப்போஸ்தலர் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருப (கடித) வசனத்தை வாசித்து, ஜெபித்துவிட்டு விடைபெறுவது வழக்கமாகிவிட்டது. இது ஆறுதல் தருவதைவிடப் புதிய கடமை ஒன்றைச் சுமத்துகிறது என்பதே என் வாதம். உடல் வேதனையைத் தாங்குவது போதாதென்று முகமலர்ச்சியையும் காட்டியாக வேண்டும். காட்டத் தவறினால் விசுவாசம் தளர்ந்துவிட்டதாக எண்ணப்படும். நம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளி மனம்விட்டு அழுவதை அது தடுக்கக் கூடாது என்கிறேன்.

பெத்தானியா:
சகோதரரே, அந்த வசனத்தை எழுதியபோது பவுல் விலங்கிடப்பட்டுக் காவலில் இருந்தார். தமக்கு வரப்போவது மரணமா விடுதலையா என்பது அவருக்குத் தெரியாது. அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தம் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து நோயுற்றுச் சாகும் தறுவாயில் இருந்ததையும், அவர் இறந்திருந்தால் தமக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" நேர்ந்திருக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். துக்கத்தை ஒளித்துவைத்துக்கொண்டு அவர் சந்தோஷத்தைப் போதிக்கவில்லை.

நான் டயாலிசிஸ் செய்துகொள்பவள். ஊசிகள் ஏற்றிய கையை அசைக்க முடியாது. மற்றக் கையில், ஜெபிக்கக் கேட்டவர்களின் பெயர்களை எழுதிய தாள் இருக்கும். சில நாள்களில் கடைசி மணி நேரத்தில் கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடிக்கும். அப்போது தாளும் இல்லை, ஜெபமும் இல்லை. "கர்த்தாவே" என்பதற்கு மேல் எதுவும் வராது. வலி விட்டதும் விட்ட பெயரிலிருந்து மறுபடியும் தொடங்குவேன். என் நோயைத் தவிர வேறொன்றைச் சுமக்க அந்த நாற்காலியிலும் எனக்கு இடம் இருக்கிறது என்பதே என் சந்தோஷம். இதை யாரும் என்மேல் சுமத்தவில்லை.

மறுபக்கம்:
தங்கள் அனுபவத்தை நான் ஐயுறவில்லை, சகோதரி. என் அத்தையின் அனுபவம் வேறு. புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்த நிலையில், ஜெபக்குழுவினர் வருகிறார்கள் என்றால் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார்; மயக்கமாக இருந்தால் தவறாக நினைப்பார்கள் என்று வலி தணிக்கும் மார்ஃபின் மாத்திரையையும் தள்ளிப்போடுவார். வாசலில் கடைசிச் செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மாத்திரையைக் கேட்பார். வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அத்தையின் சாட்சியைப் புகழ்ந்துகொண்டே போனார்கள். அவர்கள் புகழ்ந்தது என்ன என்பதே என் கேள்வி.

தழும்புகள்:
சற்றுக் கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும். இருவருமே நோயை ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள். "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று ஏசாயா 53 சொல்லும்போது, விசுவாசி சுகத்தை உரிமையோடு கேட்க வேண்டும். நோயோடு சமாதானம் செய்துகொள்வது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும். நம் சந்தோஷம் வரவிருக்கும் சுகத்தைக் குறித்ததாக இருக்க வேண்டும்.

பெத்தானியா:
சுகத்துக்காக நானும் ஜெபிக்கிறேன். யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தின்படி மூப்பர்கள் எனக்கு எண்ணெய் பூசி ஜெபித்தும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் அளவுகோலைப் பவுலின் குழுவிடம் கொண்டுசென்றால் யார் தேறுவார்? துரோப்பீமுவை அவர் மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுமுறை வேண்டியபோது அவருக்குக் கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்பது. முள் எடுக்கப்பட்டதாக, இதைச் சொல்லும் இரண்டாம் கொரிந்தியர் நிருபத்தில் எங்கும் இல்லை. நோயிலும் துயரத்திலும் கிடந்த யோபுவிடம் அவர் நண்பர்களும் உங்களைப் போல உறுதியாகத்தான் பேசினார்கள். கடைசியில் தேவனுடைய கோபம் யோபுவின்மேல் அல்ல, அவர்கள்மேல்தான் மூண்டது.

இரவுப்பணி:
வலி தணிப்பு மருத்துவப் பிரிவில் செவிலியராக இருப்பவள் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். இதய பைபாஸ் அறுவைசிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு 2006-இல் வெளியானது. மற்றவர்கள் செய்த ஜெபம் சிக்கல்களைக் குறைத்ததாக அதில் தெரியவில்லை. தங்களுக்காக ஜெபிக்கப்படுவதை உறுதியாக அறிந்திருந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல் ஏற்பட்டது, அறியாமல் ஜெபிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டது. ஜெபத்தைப் பொய்ப்பிக்க இதை யாரும் பயன்படுத்த வேண்டாம். கடவுளைச் சோதனைக் குழுக்களாகப் பிரித்து அளந்துவிட முடியாது. ஆயினும் தேற வேண்டும் என்ற எதிர்பார்ப்பே நோயாளியை அழுத்தியிருக்கலாம் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. மறுபக்கம் சொல்லும் அத்தையை நினைத்தால் எனக்கு அது வியப்பாக இல்லை.

மற்றொன்று, மத உளவியல் ஆய்வாளர் கென்னத் பர்காமெண்ட் குழுவினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 596 முதியவர்களைப் பின்தொடர்ந்து 2001-இல் வெளியிட்ட ஆய்வு. கடவுள் தம்மைக் கைவிட்டாரோ, தம்மை நேசிக்கவில்லையோ என்று போராடியவர்களிடையே, அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறப்பின் அபாயம் சற்றுக் கூடுதலாக இருந்தது.

தழும்புகள்:
அப்படியானால் சந்தேகம் ஆபத்தானது என்று நான் சொன்னதையே உங்கள் ஆய்வும் சொல்கிறது.

இரவுப்பணி:
இல்லை ஐயா. சந்தேகம்தான் அவர்களைக் கொன்றது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவே. நான் பார்த்த அளவில், போராடுகிறவர் அதைச் சொல்ல ஆளில்லாமல் தவிப்பதே கொடுமை. சங்கீதம் 88-ஐ எடுத்துப் பாருங்கள்: துதியோ தீர்வோ இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்துத்தானே இத்தனை நூற்றாண்டுகள் ஜெபித்திருக்கிறார்கள்? லண்டனில் 1967-இல் முதல் நவீன ஹாஸ்பிஸை (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். வலி என்பது உடல், மனம், சமூக உறவுகள், ஆன்மிகம் நான்கையும் பற்றியது என்று கற்பித்த அவர்தான், வலி வந்தபின் காத்திருக்காமல் மார்ஃபினை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். மாத்திரையைத் தள்ளிப்போடுவது எந்த வகையிலும் விசுவாசம் ஆகாது.

பெத்தானியா:
இதை முழுமனதோடு ஏற்கிறேன். என் சபை புனிதர்களைக் கொண்டாடும் சபை அன்று. இருந்தும் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீயான குழந்தை இயேசுவின் தெரேசாவை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 24 வயதில், 1897-இல் காசநோயால் இறந்த அவருக்கு, கடைசி ஒன்றரை ஆண்டுகளில் மோட்சம் உண்டு என்ற எண்ணமே இருண்டுபோயிருந்தது. அந்த இருளிலும் அவர் அன்பு செலுத்துவதை நிறுத்தவில்லை. அதைச் சந்தோஷம் என்று சொல்ல மறுபக்கம் தயங்குவார், நான் தயங்கமாட்டேன்.

மறுபக்கம்:
ஆம், தயங்குகிறேன். அதைத் துணிவு என்பேன், விசுவாசம் என்றும் சொல்வேன். இருளில் நிற்பவருக்குச் சந்தோஷம் இருந்தது என்று வெளியிலிருந்து நாம் எழுதிவைப்பது, என் அத்தையைப் புகழ்ந்தவர்கள் செய்த அதே தவறாகிவிடும். ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள்: நோயாளி தாமே கேட்டால் அந்த வசனத்தை வாசியுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்பதும் அதே பவுல் எழுதியதுதான்.

பெத்தானியா:
இங்கேதான் நாம் பிரிகிறோம், சகோதரரே. கேட்டால்தான் வாசிக்க வேண்டும் என்றால், கேட்கவே திராணியற்ற நாளில் எனக்கு யார் வாசிப்பார்? வாய் திறக்க முடியாமல் கிடந்த ஒரு மாலையில், நான் கேட்காமலே என் தோழி பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தை வாசித்தாள். நான் வாந்தி எடுத்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கிண்ணத்தைப் பிடித்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். தங்கள் அத்தையிடம் வந்தவர்கள் வாசித்ததை நான் குறைசொல்லமாட்டேன். வாசித்த கையோடு எழுந்து போனதைத்தான் குறைசொல்வேன். இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அவர்கள் முன்னிலையிலேயே அவர் மாத்திரையைக் கேட்க வேண்டி வந்திருக்கும்.