கேபின் க்ரூ புதிய ஒப்பந்தம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் தங்கை ஒரு விமான நிறுவனத்தில் நிரந்தரக் கேபின் க்ரூ, அதாவது விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் பணியாளர். செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, எல்லோரையும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். தொழிற்சங்கம் மறுக்கிறது. பேச்சுவார்த்தை முறிந்தால் வேலைநிறுத்தம்தான்.

அடிப்படைச் சம்பளம் குறைகிறது. மீதியெல்லாம் பறக்கும் நேரக் கணக்கு, அதாவது விமானம் கேட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் மீட்டர் ஓடும். பயணிகளை ஏற்றுவது, மேலே பெட்டி வைக்க இடம் தேடித் தருவது, அவசரக் கருவிகளைச் சரிபார்ப்பது எதற்கும் காசில்லை. தாமதமானால் அந்த நேரமும் போச்சு. உழைப்பு உழைப்புதானே? 2025 ஆகஸ்ட்டில் ஏர் கனடாவின் 10,000க்கும் மேற்பட்ட பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்தத் தரைப்பணிச் சம்பளம் ஒரு முக்கியக் காரணம். நிறுவனமும் ஓரளவு இறங்கி வந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கையெழுத்துப் போடாவிட்டால் பழைய ஒப்பந்தம் செல்லுமா, இல்லை வேலையே போகுமா? ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடரலாமா? அப்புறம், 2010 வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர்களுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் சலுகைப் பயணத்தை (ஊழியர்களுக்குக் கிடைக்கும் மலிவு டிக்கெட்) நிறுத்தியது. அதுபோல இங்கும் செய்வார்களோ என்று அவள் பயப்படுகிறாள்.

எந்த நாட்டு அனுபவமானாலும் சொல்லுங்கள். தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்கள் யாராவது இருந்தால், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவை முதலில் பார்க்க வேண்டும் என்று சொன்னாலே பெரிய உதவி. கெடு நெருங்குகிறது.