பொங்கல் முற்றத்தில் ஆதித்திய ஹிருதயம் வேணுமா?

உழவன்மகன் (வடமராட்சி):
எங்கள் ஊர்ப் பொதுப் பொங்கலில் இந்த முறை ஐயரைக் கொண்டு, ராமாயணத்தில் வருகிற வடமொழிச் சூரியத் துதியான ஆதித்திய ஹிருதயம் படிப்பித்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. முற்றத்தைச் சாணத்தால் மெழுகி, உலக்கை பிடித்து மாக்கோலம் போட்டு, மூன்று கல்லில் பானை ஏற்றி, பால் கிழக்கே வழிகிறதா என்று பார்த்து நிற்பதுதான் எங்கள் சூரிய வழிபாடு. அந்தத் துதி வால்மீகியுடையதுமில்லை. சுவடிகளை ஒப்பிட்டுப் பரோடாவில் வெளியிட்ட ராமாயணச் செம்பதிப்பு அதைப் பின்னிணைப்பில்தான் வைத்திருக்கிறது.

ஏட்டுப்பெட்டி:
ஏன் அங்கே வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேணும், தம்பி. எல்லாப் பிரதேசத்துச் சுவடியிலும் அது இல்லை. முக்கியமாகத் தென்னாட்டு ஏடுகளில்தான் இருக்கிறது. செல்லரிக்கச் செல்லரிக்கப் புது ஏட்டில் பெயர்த்தெழுதிக் காப்பாற்றியவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். போர்க்களத்தில் ராமனுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவரும் அகத்தியர். பிறகு எப்படி அந்நியம் என்கிறீர்கள்?

உழவன்மகன்:
தென்னாட்டு ஏடு, சரி. ஆனால் அது ஐயர் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. எங்கள் அப்பாச்சி ஒரு வரி கேட்டதில்லை. ஆவணி ஞாயிறு தவறாமல் விரதம் இருந்தா, முற்றத்தில் பொங்கினா, கும்பிட்டா. அது குறைந்த வழிபாடா?

ஏட்டுப்பெட்டி:
குறைவென்று நான் சொல்லவில்லையே. சிவன் கோயிலிலும் சூரிய பூசை முடித்துத்தான் ஐயர் சிவபூசைக்குப் போவார். 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் எழுதிய பத்ததியிலும், அதாவது பூசை முறை நூலிலும், அந்த ஒழுங்குதான். வணங்கப்படுபவர் சிவசூரியன், சூரிய வடிவான சிவன். அப்பாச்சி கும்பிட்டதும் அவரைத்தான்.

நல்லூர்_வாசகி:
இரண்டு பேரும் அப்பரை மறந்துவிட்டீர்கள். ‘அருக்கன் ஆவான் அரனுரு அல்லனோ’ என்று, சூரியன் சிவனின் வடிவம் அல்லவா என்று, ஐந்தாம் திருமுறையில் கேட்கிறார். அடுத்த வரியிலேயே இருக்கு முதலான நான்மறையும் ஈசனையே தொழுகிறது என்கிறார். அதை நினையாதவர்கள் கன்மனவர், கல் மனம் படைத்தவர்கள் என்கிறார். சூரியன், சிவன், வேதம் மூன்றும் ஒரு தமிழ்ப் பாட்டுக்குள் இருக்க, முற்றம் வேறு, கோயில் வேறு என்று ஏன் பிரிக்கிறீர்கள்?

உழவன்மகன்:
அக்கா, அந்தத் தேவாரத்தை முழுமனதோடு ஏற்கிறேன். அதையே பாடுவோம். பானையைச் சுற்றி நிற்கிற பிள்ளைகளும் சேர்ந்து பாடுவார்கள். ஐயர் படிக்கும்போது அவர்கள் வாய் மூடி நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆதித்திய ஹிருதயம் கோயிலில் இருக்கட்டும்.

ஏட்டுப்பெட்டி:
தேவாரம் பாடுங்கள், நானும் கூடப் பாடுவேன். ஆனால் கோயில் பக்கமே வராத பிள்ளை ஆதித்திய ஹிருதயத்தைக் கேட்க வேறு இடம் எது, தம்பி? ஊர்க் கூட்டத்தில் கேட்டால் இரண்டும் வேணும் என்றுதான் கை தூக்குவேன்.